மூன்று மடக்கு அருவதா

லிப்ராதாவிடம் யார் அருவதா இலை கேட்டாலும், இலையை எடுப்பதற்கு முன்னால் அவள் ஒரு கேள்வி கேட்பாள். "வயித்துல எதுவும் இல்லையே?" பள்ளிக்கூடச் சீருடையில் வரும் பெண்ணாக இருந்தாலும் சரி, பேரன் பேத்தி எடுத்தவளாக இருந்தாலும் சரி, கேள்வி மாறாது. ஒருமுறை கோயில் பாதிரியார் வந்து கேட்டபோது வாய் தவறி அவரிடமும் அதையே கேட்டுவிட்டாள். பாதிரியார் தன் தொந்தியைத் தடவிக்கொண்டு, "மத்தியானச் சாப்பாடு மட்டும்தான்மா" என்றார். சந்தை ஒரு வாரம் சிரித்தது.

சான் லொரென்சோ சந்தையின் தெற்கு வாசலில், பச்சிலை விற்கும் பெண்களின் வரிசையில் மூன்றாவது இடம் அவளுடையது. பராகுவேக்காரன் வெறும் தண்ணீரைக் குடித்து யாரும் பார்த்திருக்க மாட்டார்கள். குடிக்கிற தெரெரேயில், அதாவது குளிர்ந்த இலைத் தேநீரில், அவனுக்கு ஏதாவது ஒரு பச்சிலை மிதக்க வேண்டும். காலையில் வேலைக்குப் போகிறவர்கள் தண்ணீர்க் குடுவையை நீட்டியபடி வந்து நிற்பார்கள். தலைவலி, வயிற்றெரிச்சல், தூக்கம் வரவில்லை, பெண்டாட்டியோடு சண்டை என்று அவரவர் குறையைச் சொல்வார்கள். லிப்ராதா இரண்டு இலையும் ஒரு வேரும் கிள்ளி மர உரலில் போட்டு, நங்கு நங்கென்று இடித்து, குடுவைக்குள் தள்ளிக் கொடுப்பாள். பெண்டாட்டி சண்டைக்கு மட்டும் காசு வாங்க மாட்டாள். அது பலிக்காது என்று அவளுக்குத் தெரியும்.

நாலாவது இடம் பிளாசிதாவுடையது. ஐம்பது வயது, பருத்த உடம்பு, அதைவிடப் பருத்த குரல். இரண்டு பேருக்கும் சேர்த்து ஒரே நீளப் பலகைதான். இந்தப் பக்கம் ஒருத்தி இடித்தால் அந்தப் பக்கம் இருக்கும் தேன் புட்டிகள் கிணுகிணுக்கும். உரலைப் பலகையில் வைத்து, பலகையோடு இடுப்பை அண்டக் கொடுத்து இடிப்பது அவர்கள் பழக்கம். பதினோரு வருஷம் ஒரே பலகையில் நின்றவர்களுக்குள் ஒளிக்க என்ன இருக்கப்போகிறது? லிப்ராதாவுக்கு மூன்றாம் மாதத்தில் ஒரு பிள்ளை கலைந்தபோது, ரத்தம் தோய்ந்த பாவாடையை வாய் பேசாமல் துவைத்துக் காயப்போட்டவள் பிளாசிதாதான்.

அது நடந்து இரண்டு வருஷம் ஆனது. முப்பத்தேழாவது வயதில் மறுபடியும் நாள் தள்ளிப்போனதும் லிப்ராதா வாயைத் திறக்கவில்லை. புருஷன் எலிஹியோவிடம் மட்டும் சொன்னாள். அவன் டவுன் பஸ் ஓட்டுகிறவன். அன்று இரண்டு நிறுத்தத்தில் நிறுத்த மறந்துவிட்டு வந்து திட்டு வாங்கினான். நாலாம் மாதம் தொடங்கியதும், இனிமேல் பயமில்லை என்று நினைத்துப் பிளாசிதாவின் காதில் போட்டாள். மத்தியானத்துக்குள் வெங்காயக்காரி வரை போய்ச் சேர்ந்தது.

"நடு மாசம்தான்டி சொர்க்கம்" என்றாள் வெங்காயக்காரி எர்மேலிந்தா. ஐந்து பெற்றவள். "முன்னாடி வாந்தி, பின்னாடி பாரம். நடுவுல ஒண்ணும் கிடையாது. நல்லா சாப்பிடு, நல்லா தூங்கு. உள்ள இருக்கறது முட்டும் பாரு, அந்த சுகம் இருக்கே!"

வாந்தி நின்றது உண்மைதான். கூடவே மூக்கும் நின்றுவிட்டது. இரண்டு துவாரமும் அடைத்துக்கொண்டு, வாயால் மூச்சுவிட்டபடி தூங்கினாள். ஜூலைக் குளிரில் வீசும் தெற்குக் காற்று, அதனால் சளி என்று நினைத்துக்கொண்டாள். பச்சிலை விற்கிறவளுக்கு மூக்குதான் தராசு. கிள்ளி முகர்ந்து பார்த்துத்தான் எதையும் தருவாள். இப்போது கண்ணால் பார்த்துத் தர வேண்டியிருந்தது. இதை யாரிடமும் சொல்லவில்லை. சொன்னால் வாடிக்கை போய்விடும்.

இந்த நிலையில்தான் ஆகஸ்ட் பிறந்தது.

ஆகஸ்ட் எங்கள் ஊரில் பொல்லாத மாதம். யாரைக் கொண்டுபோகலாம் என்று தேடிக்கொண்டு வரும் மாதம் என்று படித்தவன் படிக்காதவன் எல்லோருக்கும் உள்ளூரப் பயம் உண்டு. அதற்குத்தான் கார்ருலிம். கரும்புச் சாராயத்தில் அருவதாவும் எலுமிச்சையும் போட்டு ஊறவைத்தது. ஆகஸ்ட் முதல் தேதி வெறும் வயிற்றில் மூன்று மடக்கு இறக்கிவிட்டால் அந்த மாதம் கிட்டே வராது. ஜூலைக் கடைசியில் பச்சிலைக்காரிகளுக்கு அதுதான் திருவிழா. லிப்ராதா இந்த வருஷம் ரப்பர் கையுறை போட்டுக்கொண்டு அருவதாவை உருவினாள். வயிற்றுப் பிள்ளைக்காரிக்கு அருவதா ஆகாது என்று ஊருக்கே சொல்கிறவள், தனக்குச் சொல்லிக்கொள்ள மாட்டாளா? தான் மட்டும் குடிப்பதில்லை என்று முந்தின நாளே முடிவு செய்திருந்தாள்.

முதல் தேதி இன்னும் விடியவில்லை. பலகைக்கு மேல் ஒரே ஒரு பல்பு. பச்சிலைக்காரிகள் ஆறு பேரும் வரிசையாக நின்றார்கள். வருஷா வருஷம் ஊற்றிக் கொடுப்பவள் பிளாசிதா. எல்லோரும் குடித்து முடிக்கும் வரை யாரும் வாய் திறக்கக் கூடாது என்பது அந்த வரிசையின் வழக்கம். மாட்டுக் கொம்புக் கோப்பை ஒவ்வொருவராக வந்தது. தன் கைக்கு வந்ததும் லிப்ராதா கண்ணை மூடி ஒன்று, இரண்டு, மூன்று என்று மடமடவென்று விழுங்கினாள். தொண்டை எரிந்தது. கோப்பையைத் திருப்பிக் கொடுத்துவிட்டு, ஈரக் கையை ஏப்ரனில் துடைக்கப் போனாள். கை வயிற்றில் பட்டது.

பதினோரு வருஷப் பழக்கத்துக்கு ஐந்தாம் மாதப் பிள்ளையின் ஞாபகம் எங்கே இருக்கும்? கைக்கு வந்தது, வாய்க்குப் போனது, அவ்வளவுதான்.

வெங்காய மூட்டைகளுக்குப் பின்னால் ஓடிப்போய்த் தொண்டைக்குள் விரலை விட்டாள். கொஞ்சம் புளித்த தண்ணீர்தான் வந்தது. திரும்பி வந்தபோது பிளாசிதா வழக்கத்தைவிடச் சத்தமாகச் சிரித்துக்கொண்டிருந்தாள். நல்ல வியாபார நேரத்தில் ஒரு பழப்பெட்டியின் மேல் உட்கார்ந்து குறட்டை விட்டுத் தூங்கியும் போனாள். லிப்ராதா அவளையே முறைத்துப் பார்த்தாள். கொலைகாரி! ஊற்றி நீட்டும்போது ஒரு நொடி யோசித்தாளா? நான்தான் மறந்தேன் என்றால், பாவாடை துவைத்தவள் மறக்கலாமா?

அன்றிலிருந்து அவளோடு பேச்சில்லை. உரலைப் பலகையின் கோடிக்கு இழுத்துப் போட்டுக்கொண்டாள். பிளாசிதா பால் விட்ட சூடான கொசீதோத் தேநீரைக் கோப்பையில் கொண்டுவந்து நீட்டினாள்.

"குடிடி. குளிருது."

"வேணாம்."

"உன்கிட்ட ஒண்ணு சொல்லணும்னு..."

"எனக்கு வேலை இருக்கு."

பிளாசிதா கோப்பையைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டாள். "வயிறு பெருத்தா கூடவே தலையும் பெருக்கும்போல" என்று எர்மேலிந்தாவுக்குக் கேட்கும்படி சொல்லிவிட்டுப் போனாள்.

லிப்ராதா தன் உடம்பை வேவு பார்க்கத் தொடங்கினாள். ஒரு காலை பல் துலக்கியபோது ஈறிலிருந்து ரத்தம் வந்தது. அருவதா! இன்னொரு நாள் மூக்கைச் சிந்தியபோது கைக்குட்டையில் சிவப்பு. தொப்புளுக்குக் கீழே கரியால் கோடு இழுத்த மாதிரி ஒரு கறுப்பு ஓடியது. கன்னத்தில் தேமல் மாதிரி படர்ந்தது. தும்மினால் இடுப்புக்குக் கீழே ஒரு பக்கமாகச் சுருக்கென்று குத்தியது. படுக்கையில் காலை நீட்டினால் கெண்டைச்சதை கல்லாக இறுகிக்கொண்டது. எல்லாவற்றுக்கும் அவளிடம் ஒரே விளக்கம்தான் இருந்தது. விஷம் உடம்பு முழுக்க ஊர்கிறது. கடைசியில் பிள்ளையிடம் போய்ச் சேரும். சேர்ந்தும்விட்டதோ என்னவோ. ஏனென்றால் எர்மேலிந்தா சொன்ன அந்த முட்டல், அந்தச் சுகம், அது மட்டும் வரவேயில்லை.

சான் லொரென்சோ சந்தையில் ஒரு வயிற்றைப் பார்த்துவிட்டுக் கேள்வி கேட்காத வாய் இன்னும் பிறக்கவில்லை. "என்ன, குட்டி ஆடுதா?" என்று இறைச்சிக்காரன் கேட்டான். "எனக்கெல்லாம் நாலு முடியறப்பவே உதை" என்றாள் ஒருத்தி. "அஞ்சு முடியப்போகுது, இன்னுமா?" என்று இன்னொருத்தி புருவத்தைத் தூக்கினாள். அந்தப் புருவம் லிப்ராதாவின் கண்ணுக்குள்ளேயே நின்றது. பேச்சுக்குப் பேச்சு சிரித்து மழுப்பினாள். உரலில் விழும் ஒவ்வொரு இடியும் தன் மேலேயே விழுந்த மாதிரி இருந்தது.

எலிஹியோ தினமும் வேலை முடிந்து வந்ததும் சட்டையைக்கூடக் கழற்றாமல் கேட்பான். "இன்னைக்கு?" அந்த ஒரு சொல்தான். அவன் முகத்தில் எதிர்பார்ப்பு ஏறுவதும், அவள் தலையை ஆட்டியதும் இறங்குவதும் பார்க்கச் சகிக்கவில்லை. ஒரு சாயங்காலம் அவள் சொல்லிவிட்டாள்.

"இன்னைக்கு அசைஞ்சுது."

"நெஜமாவா? எப்படி? எப்படி இருந்துச்சு?"

"சின்ன மீன் துள்ளுன மாதிரி."

எர்மேலிந்தாவிடம் இரவல் வாங்கிய வார்த்தை அது. எலிஹியோ அவளைத் தூக்கிச் சுற்றாத குறை. மறுநாள் பஸ்ஸில் ஏறியவர்களுக்கெல்லாம் சொன்னான். ஒரு கிழவர் கூடையிலிருந்து ஒரு சீபா ரொட்டியை எடுத்து, "பிள்ளைக்கு" என்று கொடுத்தனுப்பினார். அந்த ரொட்டியை அவள் கடைசி வரை தின்னவில்லை. அதற்குப் பிறகு அவன் தினமும் அவள் வயிற்றில் வாயை வைத்து நிறுத்தங்களின் பேரைச் சொல்லத் தொடங்கினான். "அடுத்தது பல்கலைக்கழகம்! இறங்கறவங்க முன்னாடி வாங்க!" பதில் வருகிறதா என்று கையை வைத்துக் காத்திருப்பான்.

"தூங்குது" என்பாள் லிப்ராதா, கூரையைப் பார்த்துக்கொண்டே.

"அப்பன் குரல் கேட்டாலே தூங்கிடுது. என் பயணிங்க மாதிரிதான்."

அவன் சிரிக்கும்போது அவளுக்கு ஓவென்று அழ வேண்டும்போல இருந்தது. ஒரு பொய்யைக் காக்க இன்னொரு பொய் வந்தது. மாதப் பரிசோதனைக்குப் போக வேண்டிய நாளில் சந்தையிலேயே நின்றுவிட்டு, போனேன், எல்லாம் நல்லபடி என்றாள். போனால் நீமியாவிடம் சொல்ல வேண்டியிருக்கும். சுகாதார நிலையத்தின் மருத்துவச்சி நீமியா முதல் தடவையே விரலை ஆட்டிச் சொன்னவள்: "மத்தவங்க தெரியாம குடிச்சேன்னு சொல்லலாம். நீ சொல்லவே முடியாது, ஞாபகம் வச்சுக்க." அந்த விரலை மறுபடியும் பார்க்க லிப்ராதாவுக்குத் தைரியமில்லை. அதைவிடவும், நீமியா வயிற்றில் கருவியை வைத்து ஒரு சத்தமும் கேட்காமல் போனால்? தெரியாத வரைக்கும் பிள்ளை இருக்கிறது. தெரிந்துகொண்ட பிறகு? ஏப்ரன் கயிற்றின் முடிச்சு வாரத்துக்கு வாரம் எட்டாமல் போவது ஒன்றுதான் அவளுக்குத் தைரியம். அதையும், வெறும் வாயுவாக இருக்கும் என்று தானே கெடுத்துக்கொள்வாள்.

ஆகஸ்ட் முடியும் தறுவாயில் வெக்கையான வடக்குக் காற்று வீசியது. அந்தக் காற்று அடித்தால் நாய்கூடக் காரணமில்லாமல் குரைக்கும். எதிர்த் தெருவில் லபாச்சோ மரம் இலையெல்லாம் உதிர்த்துவிட்டு ரோஜா நிறத்தில் பூத்துக் கொட்டிக்கொண்டிருந்தது. மருந்துக்கடைச் சீருடை போட்ட ஒரு பெண் பிளாசிதாவின் முன்னால் வந்து நின்றாள்.

"அக்கா, கார்ருலிம் மிச்சம் இருக்கா? ஒண்ணாம் தேதி ஊர்ல இல்ல. ஆகஸ்ட் முடியறதுக்குள்ள மூணு மடக்காவது குடிக்கச் சொல்லி எங்கம்மா உசுர எடுக்கறாங்க."

"இப்ப குடிச்சு என்னடி? மாசம் வந்து பாத்துட்டுக் கெளம்பவே போகுது" என்று சிரித்தபடி பிளாசிதா பலகைக்கு அடியிலிருந்து புட்டியை எடுத்தாள்.

லிப்ராதாவின் கையிலிருந்த சின்ன உலக்கை நின்றது.

"அவ வயித்துல என்ன இருக்குன்னு கேட்டியா?"

மூன்று வாரத்துக்கு மேல் கேட்காத குரல். பிளாசிதா திரும்பினாள். "என்ன?"

"கேட்டியான்னேன். எனக்கு ஊத்திக் குடுத்த மாதிரி அவளுக்கும் குடுக்கப் போறியா? ஒரு புள்ளைய முழுங்குனது போதாதா உனக்கு?"

வந்த பெண் புட்டியைப் பார்த்தாள், இருவரையும் பார்த்தாள், இரண்டடி பின்னால் போனாள். எர்மேலிந்தா வெங்காயத்தை உரித்தபடியே காதை நீட்டினாள்.

"என்னடி உளர்றே?"

"ஒண்ணாம் தேதி! உன் கையாலதான ஊத்துனே? அருவதா! மூணு மடக்கு! உனக்குத் தெரியாதா, எனக்கு வயித்துல இருக்குன்னு உனக்குத் தெரியாதா? நான்தான் புத்தி கெட்டு மறந்தேன். நீயுமாக்கா?" சொல்லும்போதே குரல் உடைந்து, பலகையைப் பிடித்துக்கொண்டு தேம்பினாள்.

பிளாசிதா புட்டியைக் கீழே வைத்தாள்.

"அருவதாவா? உனக்கு நான் அருவதா ஊத்துவனாடி? அடப் பாவி! உனக்குத் தனியா சின்னப் புட்டியில வச்சிருந்தேனே! புதினா, எலுமிச்சம்பழம், இஞ்சி. பச்சத்தண்ணி! பல்புக்கு முதுகக் காட்டிக்கிட்டு அதுலேர்ந்துதான உனக்கு ஊத்துனேன்!"

"பொய் சொல்லாத. தொண்டை எரிஞ்சுது."

"இஞ்சி எரியாம என்ன பண்ணும்? ஒரு கட்டு இஞ்சி! பச்சிலை விக்கறவ, புதினாவுக்கும் அருவதாவுக்கும் வித்தியாசம் தெரியாம முழுங்கியிருக்கியே. மூக்கு எங்கடி போச்சு?"

லிப்ராதா மூக்கைத் தொட்டுப் பார்த்தாள், அது இருக்கிறதா என்று பார்ப்பவள் மாதிரி. "அடைச்சிருந்துச்சு. இன்னும் அடைச்சிருக்கு."

"இத வெளிய சொல்லாத. நம்ம வரிசையையே மூடிடுவாங்க."

"ஏன்க்கா என்கிட்ட சொல்லல?"

"இவளுங்க முன்னாடியா? அருவதா இல்லாத கார்ருலிம் குடிச்சா ஆகஸ்ட் உன்னைப் புடிச்சுக்கும்னு அன்னைக்கே உன்னை அழ வச்சிருப்பாளுங்க. வாயில பட்டதுமே உனக்குப் புரிஞ்சிருக்கும்னு நெனச்சேன். அப்புறம் சொல்லலாம்னு கொசீதோ எடுத்துக்கிட்டு வந்தா, நீ மூஞ்சியத் திருப்பிக்கிட்டே. ஆகஸ்ட்டுக்கு ஒண்ணும் கொறை வைக்கல, பயப்படாத. உன் பங்கையும் நானே குடிச்சேன். ஆறு மடக்கு! அன்னைக்குப் பூரா சந்தையே சுத்துச்சு எனக்கு."

எர்மேலிந்தா முதலில் சிரித்தாள். அப்புறம் அந்த வரிசையே சிரித்தது. மருந்துக்கடைப் பெண்கூடச் சிரித்துவிட்டாள். லிப்ராதாவும் சிரிக்கத்தான் வாயைத் திறந்தாள். பாதியில் முகம் வெளுத்துப்போனது.

மூன்று வாரமாக அவளிடம் ஒரு காரணமாவது இருந்தது. இப்போது அதுவும் போய்விட்டது. அருவதா இல்லை என்றால், உள்ளே ஏன் இவ்வளவு அமைதி?

"அக்கா" என்றாள் மெதுவாக. "அப்ப ஏன் அசையல?"

"என்ன அசையல? மீன் மாதிரி துள்ளுதுன்னு உன் புருஷன் பஸ்ஸு முழுக்க..."

"அது பொய். ஒரு தடவகூட அசையலக்கா. ஒரு தடவகூட."

சிரிப்பு நின்றது. பிளாசிதா ஏப்ரனைக் கழற்றிப் பலகை மேல் வீசினாள். "எர்மேலிந்தா, ரெண்டு கடையையும் பாத்துக்க" என்றாள். வியாபார நேரத்தில் பிளாசிதா கடையை விட்டு நகர்ந்ததை அந்தச் சந்தை அன்றுதான் பார்த்தது.

சுகாதார நிலையம் பக்கத்துத் தெருவில்தான். லிப்ராதாவுக்கு அந்தத் தெரு முடியவேயில்லை. லபாச்சோப் பூ நடைபாதை முழுக்கக் கொட்டிக் கிடந்தது. வழுக்கும் என்று பிளாசிதா அவள் முழங்கையை இறுக்கிப் பிடித்துக்கொண்டாள்.

"இந்தப் பிள்ளையும் போயிருந்தா நான் தாங்க மாட்டேன்க்கா."

"வாய மூடு. நட."

நீமியா கேட்டுவிட்டு விரலை ஆட்டத்தான் செய்தாள். "அருவதாவோ, நஞ்சோ, எதுவோ, குடிச்சிட்டோம்னு தோணுனா அன்னைக்கே இங்க ஓடி வரணும். மூணு வாரம் உரல இடிச்சுக்கிட்டு அழறதா? படு."

வயிற்றில் களிம்பு சில்லென்று பட்டது. நீமியா கருவியை அழுத்தி அங்கும் இங்கும் நகர்த்தினாள். திரையில் சாம்பல் நிற மழை பெய்வது போல என்னவோ ஓடியது. நீமியா கண்ணைச் சுருக்கித் திரையைப் பார்த்தாள். லிப்ராதா மாதா முதல் தனக்குத் தெரிந்த எல்லாப் புனிதர்களையும் கூப்பிட்டாள். பிளாசிதாவின் கையில் அவள் நகம் பதிந்தது.

அப்புறம் சத்தம் வந்தது. தையல் மிஷின் வேகமாக ஓடுகிற மாதிரி, விடாமல், அவசரமாக.

"இது..."

"வேற யாரோடதா இருக்கும்? உன் வயித்துல நானா இருக்கேன்?" என்றாள் நீமியா. திரையை அவள் பக்கம் திருப்பினாள். "இந்தா, தலை. இது முதுகு. இது கால். பாரு, பாரு, இப்ப ஒரு உதை விட்டுது. தெரிஞ்சுதா?"

திரையில் ஒரு சின்னக் கால் மடங்கி, பட்டென்று நீண்டது. லிப்ராதா மூச்சைப் பிடித்துக்கொண்டு காத்திருந்தாள். வயிற்றில் ஒன்றுமே தெரியவில்லை.

"இல்ல. ஒண்ணும் தெரியல."

"தெரியாது. நஞ்சுக்கொடி முன்பக்கமா ஒட்டியிருக்கு. தலையணைய நடுவுல வச்சுட்டு ஒருத்தன் குத்துனா உனக்கு வலிக்குமா? அப்படித்தான். சிலருக்கு இப்படி அமையும். அவங்களுக்குக் கொஞ்சம் தாமதமாத்தான் தெரியும். தெரியறப்பவும் முதல்ல ஓரமா, கீழ தெரியும். நாள் பூரா நின்னு இடிக்கற வேற, அந்த ஆட்டத்துல உனக்கு எது தெரியும்?" களிம்பைத் துடைத்துவிட்டுக்கொண்டே கேட்டாள். "மூக்கு எப்போலேர்ந்து அடைப்பு?"

"உங்களுக்கு எப்படித் தெரியும்?"

"வாயாலதான மூச்சு விடறே. இந்த மாசத்துல மூக்குள்ள வீங்கிக்கும். பிள்ளை பொறந்ததும் தானா போயிடும். ஈறுல ரத்தம் வருதா? அதுவும் இருக்கும். பல் டாக்டர்கிட்ட ஒரு தடவ காட்டு. தும்முனா இடுப்போரம் இழுக்குதா? வயிறு வளர இடம் வேணாமா, இழுக்கத்தான் செய்யும். இந்தக் கோடு, கன்னத்துல இந்தப் படை, காலு இழுக்கறது, எல்லாமே இந்த நடு மாசத்தோட சரக்குதான்."

"எர்மேலிந்தா ஒண்ணுமே இருக்காதுன்னாளே. சொர்க்கம்னாளே."

"அஞ்சு பெத்தவளுக்கு எல்லாம் மறந்திருக்கும். நீ என்கிட்ட கேளு. அசைவு ஒருதடவ தெரிய ஆரம்பிச்சப்புறம் கொறையற மாதிரி இருந்தாலோ, ரத்தம் பட்டாலோ, வயிறு விட்டு விட்டு வலிச்சாலோ, விடியட்டும்னு உக்காந்திருக்காத. அப்பவே வா. வெக்கப்பட்டுக்கிட்டு வீட்ல இருந்தே, வந்து அடிப்பேன்."

திரும்பி வரும் வழியில் லிப்ராதா பூவை மிதிக்காமல் ஒதுங்கி ஒதுங்கி நடந்தாள். பயம் இறங்கிய இடத்தில் வேறொரு வருத்தம் வந்து உட்கார்ந்துகொண்டது.

"நீமியா பாத்துட்டா. நீ பாத்துட்டே. எனக்கு மட்டும் தெரியலயேக்கா. அவரு தெனமும் பேசறாரு, அதுவும் உள்ள இருந்து பதில் சொல்லியிருக்கும். நடுவுல இருந்தவ நான், ஒண்ணும் தெரியாம தூங்குதுன்னு சொல்லிட்டேன். நாளைக்கு நெஜமாவே அசைஞ்சா அவர்கிட்ட என்னன்னு சொல்லுவேன்? முதல் தடவைங்கறதத்தான் ஏற்கெனவே பொய்யா செலவு பண்ணிட்டேனே."

"எல்லாத்தையும் சொல்லு. இன்னைக்கே சொல்லு" என்றாள் பிளாசிதா. "ரெண்டு நாள் மூஞ்சியத் தூக்கி வச்சுக்குவான். மூணாம் நாள் மறுபடியும் வந்து நிறுத்தம் பேரெல்லாம் சொல்லுவான். என்னாலகூடத்தான் உன்கிட்ட பேசாம இருக்க முடிஞ்சுதா?"

"நீ என்னைத் தலை பெருத்தவன்னு சொன்னியே."

"பெருத்துதான் இருக்கு. நடடி."

கடைக்கு வந்ததும் லிப்ராதா உலக்கையை எடுத்தாள். பிளாசிதா பிடுங்கித் தன் கூடைக்குள் போட்டுக்கொண்டாள். இன்றைக்கு இவள் இடித்தால் கையை ஒடிப்பேன் என்று பொதுவாக அறிவித்துவிட்டு, பழப்பெட்டியைக் கவிழ்த்துப் போட்டு அவளை உட்கார வைத்தாள். வாடிக்கைக்காரர்கள் வந்தால் எர்மேலிந்தா வெங்காயக் கையோடு இலையைக் கட்டிக் கொடுத்தாள். பதினோரு வருஷத்தில் லிப்ராதா அந்தப் பலகையின் ஓரமாக வெறுமனே உட்கார்ந்திருந்தது அதுதான் முதல் தடவை. மத்தியானச் சந்தடி அடங்கிவிட்டது. வடக்குக் காற்றும் கொஞ்சம் விட்டிருந்தது. சாயங்காலம் எலிஹியோ வந்ததும் எந்த வார்த்தையில் தொடங்குவது என்று யோசித்தபடி, இடுப்பைப் பலகையில் சாய்த்துக் கண்ணை மூடினாள்.

டொக்.

இடுப்போரமாக, கீழே. பலகை அதிர்கிற அதே பழைய அதிர்வு. அவள் கண்ணைத் திறக்கவில்லை. கொஞ்சம் விட்டு இன்னொரு டொக்.

"அக்கா" என்றாள் சலிப்போடு, "கொஞ்ச நேரம் இடிக்காம இரேன். கண்ணு அசர விடு."

"நான் எங்கடி இடிக்கறேன்?" என்றது பிளாசிதாவின் குரல், பலகைக்கு அந்தப் பக்கம் தெருவோரத்திலிருந்து. "இங்க உக்காந்து கமலாப்பழம் உரிச்சுக்கிட்டு இருக்கேன்."